தேக்காவில் எருமைத் தடம்: சிங்கப்பூருக்குப் புதியவர்களுக்கு ஓர் அரைநாள் வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சிங்கப்பூர் வந்திறங்கும் தமிழர் முதல் வாரத்திலேயே லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சந்தைப் பகுதியான தேக்காவுக்குப் போய்விடுவார். வாழையிலை, மல்லிகைச் சரம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, வாய்க்கு ருசியான சோறு எல்லாம் அங்கேதான். போகிறவர்கள் தெருப்பலகைகளை நிமிர்ந்து பார்ப்பது குறைவு. பார்த்தால் ஒன்றில் பஃபலோ ரோடு என்றிருக்கும், அடுத்த தெருவில் கெர்பாவ் ரோடு என்றிருக்கும். முன்னது ஆங்கிலத்தில் எருமை, பின்னது மலாயில் எருமை. இரண்டு தெரு போதாதென்று, பக்கத்தில் இருக்கும் நாட்டின் பெரிய மகப்பேறு மருத்துவமனைக்கும் எருமைத் தொழுவத்தின் பெயர்.

நம் ஊரில் எருமை என்பது பெரும்பாலும் வசவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டுவதற்கும், எது சொன்னாலும் உறைக்காத ஆளைப் பற்றி எருமை மாட்டின்மேல் மழை பெய்ததுபோல என்று அலுத்துக்கொள்வதற்கும்தான் அதைக் கூப்பிடுகிறோம். பசுவுக்கு மாலை, பொட்டு, பூசை. வீட்டுக் காப்பியில் விழுந்த பால் பல ஊர்களில் எருமையுடையது என்பதை யாரும் பேசுவதில்லை. மலாய் மொழிப் பகுதியில் இதற்கென்றே ஒரு பழமொழி உண்டு: பால் எருமையுடையது, பெயர் பசுவுடையது. பிறர் உழைப்பில் ஒருவர் பெயர் வாங்கும்போது சொல்வார்கள். சிங்கப்பூரில் அந்தக் கணக்கு கொஞ்சம் நேராகியிருக்கிறது. இங்கே எருமை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. லிட்டில் இந்தியாவில் இந்தியர்கள் வந்து குடியேறியதற்கே மாடும் எருமையும் ஒரு முக்கியமான காரணம். அந்தத் தடத்தைப் பிடித்து ஒரு காலைப்பொழுது நடப்பது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

போகும் முன்

வாரநாள் காலை ஏழரை, எட்டு மணி நல்ல நேரம். ஈரச்சந்தை சுறுசுறுப்பாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளர் நண்பர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் பொழுது அது. கூட்டத்தில் நின்று தெருப்பலகையை ஆராய்வது அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். குடை அவசியம், இங்கே மழை நாள் பார்த்து வருவதில்லை. எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வழியில் கோயில்கள் வரும். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் மீண்டும் திறக்கும். ஆகவே பதினோரு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுமாறு திட்டமிடுங்கள்.

முதல் படி: சி வாயிலில் வெளியே வாருங்கள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வடகிழக்குப் பாதையும் டௌன்டவுன் பாதையும் சந்திக்கின்றன. எதில் வந்தாலும் சி வாயிலைப் பிடியுங்கள். மேலே ஏறியதும் பஃபலோ ரோடு. ஒருபுறம் காய்கறிக் கடைகளும் பூக்கட்டும் கடைகளும், மறுபுறம் தேக்கா நிலையம். முருங்கைக்காய், கீரைக்கட்டு, மாவிலைக் கொத்து என்று கண்ணை இழுக்கும் சரக்கு நிறைய இருக்கும். வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். கையில் பையோடு நடப்பது சிரமம்.

இங்கே நின்று தரையை நினைத்துப் பாருங்கள். இன்று சிமெண்டும் தாரும். 19ஆம் நூற்றாண்டில் இது ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலம். தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. மாடு வளர்க்க இதைவிட நல்ல இடம் நகரத்துக்குப் பக்கத்தில் கிடையாது. எருமைக்கு இது இன்னும் பொருத்தம், அதற்குக் காரணம் அதன் உடம்பு. எருமையின் தோல் கறுப்பு, தடிமன், மேலே மயிர் குறைவு, வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. வெயில் ஏறினால் உடம்புச் சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் தவிக்கும். அதனால்தான் பகலெல்லாம் குட்டையில் மூக்கும் கொம்பும் மட்டும் தெரியக் கிடக்கிறது. நாம் அதைச் சோம்பல் என்கிறோம். உடலில் காயும் சேறு வெயிலையும் மறைக்கும், கொசுவையும் உண்ணியையும் தடுக்கும். குளம்பு அகலமானது, அதற்கு மேலுள்ள மூட்டு நன்றாக வளைந்து கொடுக்கும். முழங்கால் சேற்றில் காளை திணறும் இடத்தில் எருமை காலை உருவி எடுத்து அடுத்த அடி வைத்துவிடும். தென்கிழக்கு ஆசியாவின் நெல்வயல்கள் எருமையை நம்பி உருவானதன் சூட்சுமம் அந்தக் காலில் இருக்கிறது.

இரண்டாம் படி: சந்தையைச் சுற்றி வாருங்கள்

தேக்கா நிலையத்தின் முகவரியே பஃபலோ ரோடு, புளோக் 665. இப்போதுள்ள கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் எதிர்ப்புறத்தில் 1915 முதல் இருந்த பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ் சந்தை என்று பெயர். அதாவது எருமைத் தொழுவச் சந்தை. வட்டாரம் முழுவதையுமே அப்படித்தான் அழைத்தார்கள்.

மாட்டு வணிகம் இங்கே வளர வளர, அதைச் சுற்றி வேலைகள் பெருகின. மேய்க்க ஆள், பால் கறக்க ஆள், புல் அறுக்க ஆள், வண்டி ஓட்ட ஆள், தோல் உரிக்க ஆள். அந்த வேலைகளுக்குத் தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்திலேயே குடிசை போட்டார்கள், கோயில் எழுப்பினார்கள், மளிகைக் கடை வைத்தார்கள். பட்டணத்தின் மையத்தில், சூலியா தெருப் பக்கம் இருந்த பழைய இந்தியக் குடியிருப்பைவிட இந்தப் பக்கம் பிற்காலத்தில் பெரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். கடை வைத்தவர்களின் பேரன்மார் இன்று உங்களுக்கு ரோஜா மாலை கட்டிக்கொடுக்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவ்வளவு நேர்க்கோட்டில் குடும்பங்கள் ஓடுவதில்லை.

1930களில் இந்தக் கதை முடிந்தது. நகராட்சி சதுப்பை வடித்தது, சுகாதாரக் கட்டுப்பாடுகளை இறுக்கியது. கொட்டகைகள் ஊருக்கு வெளியே போயின. மனிதர்கள் மட்டும் இருந்துவிட்டார்கள்.

சந்தையின் உணவங்காடியில் காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். தோசையோ ஆப்பமோ தேநீரோ, வரிசை நீளமாக இருக்கும் கடையைத் தேர்ந்தெடுத்தால் தவறு நேராது. மேசைமேல் காகிதக் கைக்குட்டை (டிஷ்யூ) பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். எடுத்து வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், இது சட்டம். ஊருக்கு ஏற்ப நடந்துகொள் என்பதை மலாய்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? ஆட்டுத் தொழுவத்துக்குள் போனால் ஆடுபோலக் கத்து, எருமைத் தொழுவத்துக்குள் போனால் எருமைபோலக் கத்து என்பார்கள். கண்டாங் கெர்பாவுக்குள் நிற்கும் புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடைக்காது.

மூன்றாம் படி: மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

சந்தையிலிருந்து புக்கிட் தீமா சாலைப் பக்கம் வந்தால் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை கண்ணில் படும். கேகே என்பது கண்டாங் கெர்பாவ். சிங்கப்பூரர்களிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நடுத்தர வயதுக்காரர்களில் பெரும்பாலோர் கேகே என்பார்கள்.

1924இல் 30 படுக்கைகளுடன் மகப்பேறு மருத்துவமனையாகத் தொடங்கியது. 1966இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. உலகில் வேறு எந்த மகப்பேறு மருத்துவமனையிலும் அவ்வளவு பிறப்புகள் இல்லை என்று கின்னஸ் பதிவு செய்தது. அந்தத் தலைமுறைச் சிங்கப்பூரர்கள் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். 1997இல் மருத்துவமனை இப்போதுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய கட்டடம் ஹேம்ஷியர் ரோட்டில் அப்படியே நிற்கிறது. அங்கே இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. உள்ளே போகத் தேவையில்லை, வெளியே நின்று பார்த்தாலே போதும்.

நான்காம் படி: கெர்பாவ் ரோடு

திரும்பி வந்து கெர்பாவ் ரோட்டுக்குள் நுழையுங்கள். படம் எடுக்கக் கூட்டம் நிற்கும் பல வண்ண வீடு ஒன்று அங்கே உண்டு. மிட்டாய் ஆலைகள் வைத்திருந்த டான் டெங் நியா என்ற சீனத் தொழிலதிபருக்காக 1900இல் கட்டப்பட்டது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் பழைய சீன மாளிகை வீடு இது. சன்னலுக்கு ஒரு நிறம், கதவுக்கு ஒரு நிறம் என்ற இந்த அலங்காரம் பிற்காலத்தது. அந்தக் காலத்தில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருந்திருக்காது. படம் எடுங்கள், ஆனால் கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இங்கிருந்து சிறு சந்துகள் வழியாகப் பெலிலியோஸ் ரோட்டுக்குப் போகலாம். அதுவும் மாட்டுப் பெயர்தான், ஒரு விதத்தில். கல்கத்தாவோடு தொடர்புடைய யூத மாட்டு வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸ் நினைவாக வைக்கப்பட்டது. இன்னும் வடக்கே போனால் டெஸ்கர் ரோடு, யூரேசிய இறைச்சி வணிகர் ஒருவரின் குடும்பப் பெயர். பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு. 1840களிலேயே அங்கே ஐரோப்பியர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். குதிரை, மாடு, எருமை மூன்றும் ஒரே புல்வெளியைப் பங்கு போட்டிருக்கின்றன. சந்துச் சுவர்களில் பழைய தொழில்களை வரைந்த ஓவியங்கள் இருக்கும், மாட்டு வணிகமும் அவற்றில் இடம்பெற்றதுண்டு. ஓவியங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் நீங்கள் போகும் நாளில் எது இருக்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை.

நிழலான இடமாகப் பார்த்து உட்காருங்கள். எருமை எங்கிருந்து வந்தது என்ற பெரிய கதையைச் சொல்ல இதுதான் சமயம்.

வீட்டெருமையில் இரண்டு வகை. இந்தியாவின் ஆற்றெருமை, தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் உள்ள சதுப்பெருமை. பார்வைக்கு உறவுக்காரர்கள்தான், ஆனால் முன்னதற்கு 50 குரோமோசோம்கள், பின்னதற்கு 48. இரண்டும் தனித்தனியாக, வெவ்வேறு இடங்களில் பழக்கப்படுத்தப்பட்டவை. ஆற்றெருமை பாலுக்குப் பேர்போனது; ஹரியானாவின் முர்ரா இனத்தின் கொம்பு சுருள்வில்லாகக் காதோரம் சுற்றியிருக்கும். சதுப்பெருமையின் கொம்பு பிறைபோல் அகன்று பின்னோக்கிப் போகும். அது உழவுக்காரன், பால் கொஞ்சம்தான். மலேசியாவிலோ தாய்லாந்திலோ எருமையைப் பார்த்துவிட்டு நம்மூர் எருமை மாதிரி இல்லையே என்று நினைப்பவர்கள் நினைப்பது சரிதான்.

சிந்துவெளி முத்திரைகளில் எருமை உண்டு. மொகஞ்சதாரோவில் கிடைத்த பசுபதி முத்திரை என்று சொல்லப்படுவதில், நடுவில் அமர்ந்திருக்கும் உருவத்தைச் சுற்றி யானை, புலி, காண்டாமிருகத்தோடு எருமையும் நிற்கிறது. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்னொரு முத்திரை இருக்கிறது. மெசப்பொத்தேமியாவின் அக்காத் அரசைச் சேர்ந்தது, 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது, விரல் நீளம்கூட இருக்காது. அதில் சுருள்முடி வீரர் இருவர் ஒரு காலை மண்டியிட்டுத் தண்ணீர் பொங்கும் குடத்தை ஏந்தியிருக்க, இரண்டு எருமைகள் கொம்பை மேலே தூக்கி நிற்கின்றன. கொம்பின் வரிவரியான கணுக்களைக்கூடச் செதுக்கியவன் விடவில்லை. சிந்துவெளியோடு நடந்த வாணிகத்தில் அங்கே போய்ச் சேர்ந்த விலங்காக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அரசனின் எழுத்தன் ஒருவனுடைய முத்திரையில் எருமை ஏறியது என்றால், அந்தக் காலத்தில் அது வசவாக இருந்திருக்க முடியாது.

நம் பக்கத்திலும் மருத நிலத்தின் விலங்கு எருமை. கழனியும் பொய்கையும் வந்தால் எருமையும் வந்துவிடும். நீலகிரியில் தோடர்களுக்கு எருமைதான் எல்லாம். அவர்களின் புனித இடம் பால்மனை. கறப்பதும் கடைவதும் சடங்கு. ஒவ்வோர் எருமைக்கும் பெயர் உண்டு. அந்த எருமைகள் நம் தொழுவத்து எருமைகள்போல் சாதுவானவை அல்ல. அந்நியர் நெருங்கினால் முட்டும்.

இங்கே சுற்றியிருக்கும் சமூகங்களிலும் எருமைக்கு மதிப்பு அதிகம். மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஜாவாவிலிருந்து படை வந்தபோது, சண்டைக்குப் பதில் எருமைகளை மோதவிடலாம் என்று ஒப்பந்தம். எதிரி மாபெரும் கடாவைக் கொண்டுவந்தான். இவர்களோ பால் குடிக்கும் கன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி அனுப்பினார்கள். கன்று தாயென்று நினைத்துக் கடாவின் அடிவயிற்றில் பாய்ந்தது, கடா வீழ்ந்தது. அவர்களின் வீட்டுக் கூரைகள் எருமைக் கொம்புபோல் இருபுறமும் உயர்ந்து வளைந்திருக்கும். சுலாவேசியின் தோராஜா மக்கள் இறந்தவர்களுக்கு எருமை பலியிடுவார்கள். புள்ளி விழுந்த எருமைக்கு விலை மலைக்க வைக்கும். வியட்நாமியரின் பன்னிரண்டு ஆண்டு விலங்கு வரிசையில் சீனரின் மாட்டுக்குப் பதிலாக எருமையே இடம்பெறுகிறது. தாய்லாந்தில் கையால் ஓட்டும் சிறு உழுபொறியை இரும்பு எருமை என்றே அழைத்தார்கள். உடன் வேலை செய்யும் தாய்லாந்துக்காரரை மட்டும் விளையாட்டுக்குக்கூட எருமை என்று சொல்லிவிடாதீர்கள். நம்மைப்போலவே அவர்களுக்கும் அது கடுமையான வசவு.

ஐந்தாம் படி: கோயில்

சிராங்கூன் ரோட்டுக்கு வந்தால் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். எருமையின் மறுபக்கம் தெரிய வேண்டுமென்றால் அம்மன் வழிபாட்டைப் பார்க்க வேண்டும். எருமைத் தலையோடு வந்த மகிஷனை வதம் செய்தவள் துர்க்கை. மாமல்லபுரத்துக் குகையில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் சிங்கத்தின்மேல் அமர்ந்து அவள் வில்லை வளைக்க, எருமைத்தலை அசுரன் கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்கிறான். சிவன் கோயில்களில் கருவறையின் வடக்குச் சுவரில், எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையைக் காணலாம். எமனுக்கு வாகனமும் எருமையே. கறுப்பு நிறமும் நீர்நிலையும் மரணத்தோடு சேர்ந்துகொண்டன போலும். உழவனுக்குச் சோறு போட்ட விலங்கை அசுரன் பக்கம் நிறுத்திய கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் வைணவப் பக்கத்தில் வேறு காட்சி. இதே சாலையில் மேலும் நடந்தால் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். மார்கழி அதிகாலையில் திருப்பாவை ஓதும் நேரத்தில் வந்தால் எட்டாம் பாட்டையும் பன்னிரண்டாம் பாட்டையும் கவனியுங்கள். எட்டாவதில், கீழ்வானம் வெளுத்ததும் பனிப்புல் மேய எருமைகள் பரவிவிட்டன என்று தோழியை எழுப்புகிறாள் ஆண்டாள். பன்னிரண்டாவதில், கன்றை நினைத்த எருமைக்குப் பால் தானாகச் சொரிந்து வீட்டுத் தரையையே சேறாக்குகிறது. தொழுவத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சேறு தெரியும்.

ஆறாம் படி: எருமையை வீட்டுக்கு வாங்கிச் செல்லுங்கள்

அதாவது நெய்யாக. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் நெய் அடுக்கின் முன் நின்று குழம்பாதவர் இல்லை. எளிய வழி இதுதான். பசு நெய் என்றால் அட்டையில் பசு என்று பெருமையாகப் போட்டிருக்கும். அந்தச் சொல் இல்லாத இந்திய நெய் பெரும்பாலும் எருமை அல்லது இரண்டும் கலந்தது. கண்ணாடிப் புட்டியென்றால் நிறத்தைப் பாருங்கள். புல்லிலிருக்கும் மஞ்சள் நிறமியைப் பசு பாலில் அப்படியே விடுகிறது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. அதனால் எருமைப் பால் சுத்த வெள்ளை, நெய்யும் வெளுப்பு. எருமை நெய்யில் மணல்போன்ற குருணை பெரிதாக இருக்கும். குளிர்சாதனக் கடையில் உறைந்திருக்கும் நெய், வீட்டு அடுப்படியில் பாதி உருகி அடியில் குருணையும் மேலே எண்ணெயுமாகப் பிரியும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், இந்த ஊர்ச் சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும். என் கருத்தில் மைசூர்பாகுக்கும் அல்வாவுக்கும் எருமை நெய், பருப்புச் சோற்றுக்குப் பசு நெய்.

பாலில் கொழுப்பு எருமைக்கு 7 முதல் 8 சதவீதம், பசுவுக்குச் சுமார் 4. தயிர் கத்தியால் வெட்டும் பதத்துக்கு உறைவது அதனால்தான். 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 11 கோடி எருமைகள் இருந்தன. உலகத்து எருமைகளில் பாதிக்கும் மேல். எருமைப் பாலைப் பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்ன காலம் உண்டு. குஜராத்தின் ஆனந்தில் எச். எம். தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்துகாட்டினார். 1955இல் ஆலை திறந்தது. இந்தியப் பால் கூட்டுறவின் வெற்றிக்குப் பின்னால் அந்தப் பொடி இருக்கிறது.

இத்தாலிய எருமைப் பாலாடையான மொஸரெல்லா வேண்டுமென்றால் பெரிய பேரங்காடிகளில் உப்புநீரில் மிதக்கும் உருண்டையைத் தேடுங்கள். அட்டையில் புஃபலா என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பசுப்பால். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிட்டால்தான் ருசி தெரியும். சைவ உணவுக்காரர்கள் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம்.

இறைச்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மலாய் உணவுக் கடையில் டாகிங் என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பொருள் இறைச்சி, நடைமுறையில் மாட்டிறைச்சி. கம்போங் கிளாம் என்ற மலாய் வட்டாரத்தின் நாசி பாடாங் (சோறும் பலவகைக் கறிகளும்) கடைகளில் கிடைக்கும் ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி மினாங்கபாவ் மக்களின் உணவு. அவர்கள் ஊரில் அதை எருமை இறைச்சியில் செய்வது பழைய வழக்கம், இங்கே பெரும்பாலும் மாடு. அதே ஊரில் எருமைப் பாலை மூங்கில் குழாயில் ஊற்றி, வாயை வாழையிலையால் மூடி, இரண்டு நாள் வைத்துத் தயிராக்குவார்கள். உறையே ஊற்றுவதில்லை, மூங்கிலிலும் இலையிலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேற்குச் சுமத்திராவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டாடிஹ் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்று: மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இந்துக்கள் மட்டுமே என்று நினைக்காதீர்கள். உழவுக்குத் துணையான விலங்கு என்பதாலும், குவான்யின் தேவியின் மேலுள்ள பக்தியாலும் அதைத் தொடாத சீனப் பெரியவர்களும் இங்கே உண்டு. சக ஊழியர்களுக்கு விருந்து வைக்கும்போது கேட்டுவிடுவது நல்லது.

உயிருள்ள எருமையைப் பார்க்க வேண்டுமென்றால்

சிங்கப்பூரில் தெருவிலோ வயலிலோ கிடைக்காது. சனவரியில் பொங்கலையொட்டிக் கேம்பல் லேன் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள், குழந்தைகள் பார்க்கக் கூட்டம் சேரும். அவை பசுக்கள்தான், எருமையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். அதே தெருவில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். 2015இல் திறக்கப்பட்டது, இந்தப் பகுதிக்கு இந்தியர்கள் வந்த வரலாறு உள்ளே விரிவாக இருக்கிறது.

சதுப்பெருமையை அதன் சேற்றிலேயே காண விரும்புகிறவர்களுக்கு மலேசியாவின் லங்காவித் தீவு வசதி. விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பந்தாய் செனாங் கடற்கரைக்குப் பின்னால் நெல்வயல்களில் எருமைகள் மேயும், முதுகில் வெள்ளைக் கொக்கு உட்கார்ந்திருக்கும். வயலுக்குள் இறங்காமல் சாலையோரம் நில்லுங்கள். பின்பக்கமாக நெருங்காதீர்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே போகாதீர்கள். எருமை தலையைத் தாழ்த்தாமல் மூக்கை நீட்டி உங்களை முகர்ந்து பார்த்தால் அது வெறும் விசாரிப்பு. தலையைக் குனிந்து மூச்சைப் பலமாக விட்டால் மெதுவாகப் பின்னால் நகர்ந்துவிடுங்கள். ஓட வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் போனால் குட்டைக்குள் கிடக்கும், கொம்பைத் தவிர எதுவும் தெரியாது. ஆகவே அன்றைக்கும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.